வட்டத்துக்குள் அகப்பட்ட குரல்

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் பேரன், வயலின் பெட்டியோடு இன்னொரு சிறு பொதியையும் கொண்டுவந்திருந்தான். திறந்து பார்த்தால், செங்கல் ஒன்றின் அளவில் உலோக உறையிட்ட ஒரு கருவி. காலால் மிதிப்பதற்கு ஒரு மிதி, இரண்டு மூன்று குமிழ்கள், ஒரு சிவப்பு விளக்கு. அவ்வளவுதான். "இது என்ன, தையல் மெஷினின் மிதியா?" என்று கேட்டேன். "இல்லைத் தாத்தா, இது லூப்பர்" என்று சொல்லிவிட்டு வயலினை எடுத்துச் சுருதி சேர்க்கத் தொடங்கினான்.

ஒருமுறை மிதித்தான், விளக்கு எரிந்தது. வில்லை மெதுவாக இழுத்துச் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து ஒலிக்கவிட்டான். மீண்டும் மிதித்தான். வில்லைத் தந்தியிலிருந்து எடுத்த பின்பும் அந்த ஓசை நிற்கவில்லை. பெட்டி அதைத் தானே திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது மிதியோடு வயலினின் முதுகில் விரல்களால் தட்டி ஒரு தாளக்கட்டை அதன்மேல் ஏற்றினான். அதற்கு மேல் கீழ்ஸ்தாயியில் ஒரு சிறு சுரக்கோவை. இவை மூன்றும் சுழன்றுகொண்டிருக்க, நிதானமாக மோகனத்தை ஆலாபனை செய்யத் தொடங்கினான். எங்கள் வீட்டு விறாந்தையில் ஒருவனே நால்வராக இருந்து கச்சேரி செய்தான்.

எனக்கும் ஆசை வந்தது. கையால் தாளம் தட்டி, காலால் மிதித்துப் பார்த்தேன். வந்த ஓசை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நொண்டியது. "ரெண்டாவது மிதிதான் முக்கியம் தாத்தா. பிந்தி மிதிச்சால் அது உங்களைக் கடைசிவரைக்கும் விடாது" என்றான் அவன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவன் சொல்வது விளங்கும். முதல் மிதி பதிவைத் தொடக்குகிறது. இரண்டாவது மிதி அதை முடித்து, முடிவையும் தொடக்கத்தையும் ஒட்டி வட்டமாக்குகிறது. நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை வீதம் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 6 செக்கன் எடுக்கும். இரண்டாவது மிதி ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு பிந்தினால், தனியாகக் கேட்கும் காது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் பக்கத்தில் ஒரு மிருதங்கக்காரர் தம் காலப்பிரமாணத்தை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தால், 20 ஆவர்த்தனம் முடியும்போது, அதாவது இரண்டே நிமிடங்களில், பெட்டி அவருக்கு ஒரு முழுச் செக்கன் பின்னால் நிற்கும். மனிதன் பிழைவிட்டால் அடுத்த சுற்றில் திருத்திக்கொள்வான். இந்தக் கருவி பிழையையும் பக்தியோடு பாராயணம் செய்யும்.

அவன் திரும்பிப் போகுமுன்பே இந்தக் கருவியின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னை நான் எதிர்பாராத ஓர் இடத்துக்குக் கொண்டுவந்து விட்டது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கதை 1948 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், பிரெஞ்சு வானொலி நிலையத்தில் தொடங்குகிறது. பியர் ஷேபர் என்பவர் அங்கே பணியாற்றிய பொறியியலாளர். காந்த ஒலிநாடா அந்த நிலையத்தின் அன்றாடப் பாவனைக்கு இன்னும் வந்திராத காலம். ஒலிகளை இசைத்தட்டிலேயே வெட்டிப் பதிய வேண்டும். இசைத்தட்டின் கோடு வெளியிலிருந்து மையத்தை நோக்கிச் சுருளாகச் செல்வது வழக்கம். அந்தக் கோட்டைச் சுருளவிடாமல் தன்னிலேயே மூடிவிட்டால், ஊசி அதே வட்டத்தில் ஓயாமல் சுற்றும். நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் தட்டில் ஒரு வட்டம் ஏறத்தாழ முக்கால் செக்கன். கீறல் விழுந்த இசைத்தட்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி எரிச்சலூட்டுவதை என் வயதுக்காரர் அறிவர். அந்தப் பழுதையே ஷேபர் ஒரு கருவியாக்கினார். பாரிஸின் பத்திஞ்ஞோல் புகையிரத நிலையத்தில் பதிந்த இயந்திர ஓசைகளைக் கொண்டு அவர் அமைத்த புகையிரத ஆக்கம், அவருடைய வேறு சில ஆக்கங்களோடு 1948 ஒக்டோபர் 5 ஆம் திகதி வானொலியில் ஒலிபரப்பாகியது.

ஷேபர் கண்ட உண்மை வெறும் தொழில்நுட்பம் அன்று. புகையிரதச் சத்தத்தை ஒருதடவை கேட்டால் கண்முன் புகையிரதம் வருகிறது. அதன் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் புகையிரதம் மறைந்துவிடுகிறது; எஞ்சுவது ஓர் இலயம் மட்டுமே. ஒலி எங்கிருந்து வந்தது, யாருடையது, ஏன் எழுந்தது என்ற நினைவையெல்லாம் மீட்டல் கழுவிவிடுகிறது. அவருக்கு இது விடுதலையாகத் தோன்றியது. எனக்கு இதில் ஓர் ஆபத்தும் தெரிகிறது.

அடுத்து ஒலிநாடாவின் காலம். நாடாவில் ஒரு துண்டை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டினால் வளையம் தயார். கலையகங்களில் நாடா செக்கனுக்கு 38 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடியது. ஆகவே 10 செக்கன் வளையத்துக்கு ஏறத்தாழ நான்கு மீற்றர் நாடா வேண்டும். அது இயந்திரத்தில் அடங்காது. வெளியே இழுத்து, யாராவது எதையாவது கொண்டு தாங்கிப் பிடிக்க வேண்டும். 1966 ஏப்ரலில் பீட்டில்ஸ் குழுவினர் லண்டனில் தமது 'ரிவோல்வர்' இசைத்தட்டின் இறுதிப் பாடலுக்காக ஐந்து வளையங்களை ஒரேநேரத்தில் ஓடவிட்டபோது, கலையக ஊழியர்கள் பென்சிலும் கையுமாக நின்று நாடாக்களைத் தாங்கிப்பிடித்தனர். அதே பாடலின் அடியில் எங்கள் தம்புராவின் நாதமும் ஒலிக்கிறது.

வளையத்தின் வரலாற்றில் வேடிக்கைக்கும் குறைவில்லை. 1977 இல் பீ ஜீஸ் குழுவினர் பிரான்ஸில் ஒரு பாடலைப் பதிந்துகொண்டிருந்தபோது, அவர்களுடைய டிரம்ஸ் கலைஞரின் தாயார் காலமானார். அவர் ஊருக்குப் போய்விட, வேறொரு பாடலுக்காக அவர் ஏற்கெனவே வாசித்திருந்த இரண்டே தாளச் சுற்றுகளை வெட்டி வளையமாக்கிப் பாடல் முழுவதும் ஓடவிட்டனர். 'ஸ்டேயிங் அலைவ்' என்று உலகெல்லாம் ஆடிய பாடல் அதுதான். டிரம்ஸ் வாசித்தவர் என்று 'பேர்னார்ட் லூப்' என ஒரு பெயரையும் வேடிக்கையாகப் போட்டுவிட்டனர். பிறவாத அந்த மனிதரைத் தம் பதிவுகளுக்கு அமர்த்த விரும்பித் தேடியவர்களும் இருந்தார்களாம்! ஒரு மகன் தாயின் சாவுக்குப் போயிருந்த நேரம், அவனுடைய கை மட்டும் அங்கே வாசித்துக்கொண்டிருந்தது என்பதை அந்தப் பாட்டுக்கு ஆடியவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

இதுவரை சொன்னவை முன்கூட்டியே வெட்டி ஒட்டிய வளையங்கள். மேடையிலே, வாசிக்கும்போதே வளையம் அமைப்பதற்கு வேறொரு உபாயம் தேவைப்பட்டது. அதுவும் பாரிஸில், அதே பிரெஞ்சு வானொலியின் கலையகத்திலேயே பிறந்தது. 1963 இல் டெரி ரைலி என்ற அமெரிக்கர், எக்காளக் கலைஞர் செற் பேக்கரோடு ஒரு நாடகத்துக்கு இசையமைக்க அங்கே போயிருந்தார். ஓசை ஓசையின்மேல் படியவேண்டும் என்று அவர் கேட்க, அங்கிருந்த ஒலிப்பதிவாளர் ஒருவர் இரண்டு இயந்திரங்களுக்கிடையே ஒரே நாடாவை நீட்டிக் கட்டினார். முதலாவது பதியும், இரண்டாவது சிறிது நேரம் கழித்து அதை ஒலிக்கும், அந்த ஒலி மறுபடியும் முதலாவதற்குப் போய்ப் புதிய ஓசையோடு கலக்கும். நாடா செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர் ஓடினால், இயந்திரங்களை ஒரு மீற்றர் விலக்கி வைத்து ஐந்து செக்கன் இடைவெளி பெறலாம். அந்த ஒலிப்பதிவாளரின் பெயர் ரைலியின் கதையில் நிலைக்கவில்லை. எங்கள் நாதஸ்வரக் கச்சேரிகளில் ஒத்து ஊதுபவரின் பெயர் நோட்டீசில் வராததுபோல.

ரைலி 1970 இல் கிரானா மரபைச் சேர்ந்த இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிராண்நாத்தின் சீடரானார். 1996 இல் குரு மறையும்வரை அந்தப் பிணைப்பு நீடித்தது. இரண்டு இயந்திரங்களைக் கொண்டு மீளும் ஓசையைத் தேடிய ஒருவர், தம்புராவின் நான்கு தந்திகளிடம் போய் அமர்ந்தது தற்செயலன்று என்றே எண்ணுகிறேன். அதே இரட்டை இயந்திர முறையைத்தான் 1972 இல் லண்டனில் பிரையன் ஈனோ, கிட்டார் கலைஞர் ரொபர்ட் பிரிப் ஆகியோர் கையாண்டனர். பின்னர் பிரிப் அந்த இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு 1979 இல் இசைத்தட்டுக் கடைகளிலும் உணவகங்களிலும் தனியாளாக வாசித்தார். பேரன் கொண்டுவந்த பெட்டிக்கு நேர்மூத்தவர் அவரே.

இனி, நான் எதிர்பாராமல் வந்துசேர்ந்த இடத்துக்கு வருகிறேன்.

ஸ்டீவ் ரைஷ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1964 இல் சான் பிரான்சிஸ்கோவின் பொதுச் சதுக்கம் ஒன்றில், நோவாவின் பிரளயம் பற்றி முழங்கிய ஒரு கறுப்பினப் போதகரின் குரலைப் பதிந்தார். அதன் ஒரு துண்டை இரண்டு இயந்திரங்களில் ஒரே வளையமாக ஓடவிட்டபோது, அவை மெல்ல மெல்ல ஒன்றையொன்று விட்டு விலகின. இரண்டாவது மிதி பிந்தியதால் எனக்கு நேர்ந்த அதே விலகல்தான். அவர் அதைத் திருத்தவில்லை. அந்த விலகலையே இசையாக்கினார்.

1966 இல் அவர் செய்தது இன்னும் பாரதூரமானது. ஹார்லெமில் 1964 இல் கைதாகிப் பின்னர் கொலைவழக்கில் குற்றவாளிகளாகக் காணப்பட்ட ஆறு கறுப்பின இளைஞர்களின் மறுவிசாரணைக்காக நியூயோர்க்கில் ஒரு நிதிசேர் நிகழ்ச்சி நடந்தது. அவர்களுக்காகப் பாடுபட்ட எழுத்தாளர் ட்ரூமன் நெல்சன், வாக்குமூலங்கள் பதிந்த ஒலிநாடாக்களை ரைஷிடம் ஒப்படைத்தார். அவற்றில் டேனியல் ஹாம் என்ற இளைஞரின் குரல் இருந்தது. பொலிஸ் நிலையத்தில் அவரை அடித்தார்கள். ஆனால் இரத்தம் வெளியே தெரிந்தவர்களைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதனால் தன் காலில் கன்றிய இடத்தைத் தானே பிதுக்கித் திறந்து இரத்தத்தைக் காட்டவேண்டியிருந்தது என்கிறார் அவர். ரைஷ் அந்த வாக்கியத்தை முதலில் மூன்றுதடவை முழுமையாகக் கேட்கவிடுகிறார். பிறகு கடைசி ஐந்து சொற்களை மட்டும் வளையமாக்குகிறார். ஒரு குரல் இரண்டாகி, நான்காகி, எட்டாகிறது. ஏறத்தாழ 13 நிமிடங்களின் முடிவில் சொல்லே இல்லை. வெறும் இரைச்சலும் இலயமும்தான். இது அநீதிக்கு எதிரான ஓங்காரமா, ஓர் இளைஞனின் வலியை அவனிடமிருந்து கழற்றி எடுத்த அழகா என்று இன்றுவரை வாதிடுகிறார்கள்.

இதைப் படித்தபோது நான் எழுந்து சற்று நடக்கவேண்டியிருந்தது. காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் பிற்பகுதியில், வடக்கே கரையோரக் கிராமம் ஒன்றில், மகனைப் பறிகொடுத்த ஒரு தாயை என் கசெற் கருவியில் பேட்டி கண்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். "கை கழுவக்கூட விடேல்லை" என்றார் அந்தத் தாய். அன்றிரவு காரியாலயத்தில் அதை எழுத்தில் இறக்கும்போது, கடற்காற்று ஒலிவாங்கியில் அடித்ததால் முன்னே வந்த ஒரு சொல் விளங்கவில்லை. நாடாவைப் பின்னோக்கிச் சுற்றுவேன், கேட்பேன், மீண்டும் சுற்றுவேன். இருபது தடவையாவது இருக்கும். ஒரு கட்டத்தில் என் விரல் மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அந்த வாக்கியம் எனக்குள் பாட்டாகிவிட்டிருந்தது. 'கை' என்பதில் எழுந்து, 'விடேல்லை' என்பதில் இறங்கும் ஒரு மெட்டு. கருவியை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். எனக்குள் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றே அப்போது நினைத்தேன். நெடுங்காலம் இதை யாருக்கும் சொன்னதில்லை.

அது என் நெஞ்சின் கோளாறல்ல, செவியின் இயல்பு என்பதை இந்தத் தேடலில்தான் அறிந்தேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டயானா டொய்ச், தமது ஒலித்தட்டு ஒன்றுக்கான உரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு சிறு சொற்றொடர் வளையமாக ஓடுவதை மறந்துவிட்டார். சிறிது நேரத்தில் யாரோ பாடுவது போலிருந்தது. பாடியது அவருடைய சொந்தப் பேச்சுக்குரலே! 1995 இல் வெளிவந்த அந்த ஒலித்தட்டிலேயே இதைப் பதிவுசெய்தார். ஒரு பேச்சுத்துண்டை எந்த மாற்றமும் செய்யாமல் மீட்டினாலே கேட்பவர் பலருக்கு அது பாட்டாகிவிடுகிறது என்பதைப் பின்னர் ஆய்வுகளும் உறுதிசெய்தன. மீட்டும்போது பொருள் பின்வாங்குகிறது, சுரம் முன்வருகிறது. ஷேபரின் புகையிரதம் மறைந்ததும், ஹாமின் சொற்கள் கரைந்ததும், என் விரல் தாளம் போட்டதும் ஒரே விதியால்தான்.

இலக்கமுறைக் கருவி வந்தபோது இந்த விதி இன்னும் கடுமையாகியது. நாடா தேயும். இரட்டை இயந்திர முறையில் ஒவ்வொரு சுற்றிலும் பழைய ஓசை சற்று மங்கி, புதியதற்கு வழிவிடும். அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கி, 1980களில் செய்த நாடா வளையங்களை 2001 இல் கணினிக்கு மாற்ற ஓடவிட்டபோது, நாடாவின் காந்தப் பூச்சு ஒவ்வொரு சுற்றிலும் உதிர்ந்து, இசை கண்முன்னே அழிந்தது. அந்த அழிவையே அவர் பதிந்து வெளியிட்டார். இலக்கமுறையிலோ ஓசை எண்களாகிவிடுகிறது. ஒலித்தட்டின் தரத்தில் செக்கனுக்கு 44,100 எண்கள். எண் தேயாது. ஆயிரமாவது சுற்றும் முதற் சுற்றைப் போலவே இருக்கும்.

தொடக்கத்தில் நினைவகத்தின் விலை ஒரு கடிவாளமாக இருந்தது. 1980களின் முற்பகுதியில் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் கருவி 16 செக்கன்கள் கொள்ளும் என்பதே பெருமைப்பட்ட செய்தி. 1994 இல் லெக்சிகன் நிறுவனம் வெளியிட்ட ஜாம்மேன், கூடுதல் நினைவகம் பொருத்தினால் 32 செக்கன். அதே தசாப்தத்தில் வந்த எக்கோபிளெக்ஸ் டிஜிட்டல் புரோ என்ற கருவியின் பின்னால் சுவிற்சர்லாந்துக்காரரான மத்தியாஸ் குரோப் என்ற இசைக்கலைஞர் இருந்தார். வாசிப்பவராகவே சிந்தித்தவர் என்பதால், எப்படி நினைவில் வைத்திருப்பது என்பதோடு, எப்படி மறப்பது என்பதற்கும் அவர் இடம்வைத்தார். பழைய ஓசை ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு மங்கவேண்டும் என்று வாசிப்பவரே தீர்மானிக்கலாம். கடைசியாக ஏற்றிய அடுக்கை வேண்டாம் என்று நீக்கவும் செய்யலாம். நாடா தன் பலவீனத்தால் இயல்பாகச் செய்ததை, இலக்கமுறைக் கருவிக்குக் கற்பிக்கவேண்டியிருந்தது.

2001 இல் பொஸ் நிறுவனத்தின் ஆர்சி-20 ஐந்தரை நிமிடங்களைக் காலடிக்குக் கொண்டுவந்தது. 2004 இல் ஸ்கொட்லாந்துப் பாடகி கே.டி. டன்ஸ்டல், வரவேண்டிய ஒருவர் வரமுடியாமற்போன பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் கடைசி நேரத்தில் ஏறி, கிட்டாரும் ஒரு மிதியும் மட்டும் வைத்துத் தம் குரலையே பக்கப்பாட்டாக்கிப் பெயர்பெற்றார். 2015 ஜூலையில் எட் ஷீரன் லண்டன் வெம்பிளி அரங்கில் மூன்று இரவுகள், பெருங்கடலாகத் திரண்ட சனங்களின் முன் தனியொருவராக இதே முறையில் வாசித்தார். அவற்றைக் கணினித் திரையில் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். சபை மயங்குவது வளையம் சுழலும்போது. ஆர்ப்பரிப்பது அது திடீரென நிறுத்தப்பட்டு ஒற்றைக்குரல் தனித்து எழும்போது.

இவற்றையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். கசெற் கதையையும் சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அந்தக் கசெற் இப்பவும் இருக்கா தாத்தா? இதிலை ஒருக்கா ஏத்திப் பார்க்கட்டா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. அவனுடைய தலைமுறைக்கு அந்தக் காலத்தைத் தொடுவதற்கு வேறு கைப்பிடி இல்லை. அவன் ஆக்கும் இசை, நான் எழுதிய செய்தியைவிட அதிகம் பேரை எட்டவும் கூடும். ஆனாலும் மறுத்துவிட்டேன். டேனியல் ஹாமின் குரல், அவருக்காகப் போராடியவர்களின் கையிலிருந்து, அவருடைய வழக்குக்காகவே ரைஷிடம் போனது. இந்தத் தாய் என் ஒலிவாங்கியின் முன் பேசியது மகன் திரும்பிவரவேண்டும் என்பதற்காக. வேறு எதற்கும் நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. இனிக் கேட்கவும் வழியில்லை.

பதிலாக ஒன்று செய்தேன். தகரப் பெட்டியிலிருந்து அந்தக் கசெற்றை எடுத்து, பழைய கருவியில் போட்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருதடவை ஓடவிட்டேன். நாற்பது நிமிடம். காற்று, காகம், தேநீர்க் கோப்பையின் ஓசை, நான் கேட்ட அசட்டுக் கேள்விகள், இடையிடையே நீண்ட மௌனம். அந்த வாக்கியமும் வந்தது; வந்து போய்விட்டது. பின்னோக்கிச் சுற்றவில்லை.

முடிந்ததும் அவன், "எனக்குப் பாட்டாய்க் கேக்கேல்லைத் தாத்தா" என்றான்.

ஒருதடவை மட்டும் கேட்டால் கேட்காது.